சுழலும் குண்டும் செப்புத் தாரையும்: டாங்கி எதிர்ப்புக் குண்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் படிவம் 6 மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோண உந்தம் பாடம் தொடங்கினால் போதும், யாராவது ஒரு பையன் டாங்கிப் பேச்சை எடுத்துவிடுவான். காணொளிகளில் பார்த்ததை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகள். அவற்றுக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள்தான் பெரும்பாலும் தவறானவை. பெற்றோர் சிலரும் கேட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன். செய்முறை எதுவும் இதில் இல்லை, இருக்கவும் கூடாது. இயற்பியலும் வரலாறும் மட்டுமே.

முதலில், பீரங்கிக் குண்டு ஏன் சுழல வேண்டும்?

பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கும் செரி ரம்பாய் பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைக்கும் வழக்கமும் உண்டு. அந்தக் காலப் பீரங்கிகளின் உட்சுவரில் புரி, அதாவது திருகுப் பள்ளம், கிடையாது. அவை எறிந்தது உருண்டைக் குண்டு. உருண்டைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, எப்படிப் புரண்டாலும் ஒன்றுதான்.

19ஆம் நூற்றாண்டில் நீண்ட, கூர்முனைக் குண்டுகள் வந்தபோது சிக்கல் தொடங்கியது. நீண்ட குண்டைக் காற்று தலைகீழாகப் புரட்டிவிடும். அதைத் தடுக்கக் குழலின் உட்சுவரில் திருகுப் பள்ளங்களை வெட்டினார்கள். குண்டின் இடுப்பில் உள்ள செப்பு வளையம் அந்தப் பள்ளங்களில் கடித்துக்கொண்டு போகும்போது குண்டும் சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தன் முனையை முன்னோக்கியே வைத்துக்கொள்கிறது.

எவ்வளவு வேகமாகச் சுழலும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரிட்டனின் புகழ்பெற்ற 105 மி.மீ. எல்-7 பீரங்கியில் 18 குழல் விட்டத்துக்கு ஒரு சுற்று, அதாவது 1.89 மீட்டருக்கு ஒரு சுற்று. குண்டு நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் நொடிக்குச் சுமார் 530 சுற்றுகள். நிமிடத்துக்கு 31,000க்கு மேல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

குழிவு வெடிகுண்டு என்பது என்ன? அது கவசத்தை உருக்கித் துளைக்கிறதா?

உருக்குவதில்லை. மிக அதிகமாகப் பரவியிருக்கும் தவறு இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெடிமருந்தின் முன்பக்கத்தில் கூம்பு வடிவில் ஒரு குழி. அந்தக் குழியின் உட்புறத்தில் மெல்லிய உலோக உறை, பெரும்பாலும் செம்பு. பின்பக்கத்திலிருந்து வெடிப்பு கிளம்பி முன்னேறும்போது கூம்பின் சுவர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நடு அச்சை நோக்கி நசுங்குகிறது. நாலா பக்கத்திலிருந்தும் வந்து மோதும் செம்புக்குப் போக வேறு வழியில்லை. உட்பரப்பில் இருந்த ஒரு பகுதி முன்னோக்கிப் பீய்ச்சியடிக்கிறது. அதைத்தான் தாரை என்கிறோம். அதன் முனை நொடிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வால் பகுதி அதைவிடப் பலமடங்கு மெதுவாக வரும். முனை ஓட, வால் பின்தங்க, தாரை இழுபட்டு நீண்டுகொண்டே போகிறது. உறையின் பெரும்பகுதி ஒரு கட்டியாகத் திரண்டு மெதுவாகப் பின்னால் வருகிறது. துளையிடுவதில் அதற்குப் பங்கு இல்லை.

தாரை சூடாக இருக்கும். ஆனால் செம்பின் உருகுநிலையான 1,085 பாகை செல்சியஸை அது எட்டுவதில்லை. திண்மமாக இருந்துகொண்டே இழுபட்டு ஓடும் உலோகம் அது. அந்த வேகத்தில் மோதும்போது பிறக்கும் அழுத்தத்துக்கு முன்னால் எஃகின் வலிமை ஒரு பொருட்டே இல்லை. கவசம் திரவம்போல விலகி வழிவிடுகிறது. ஆழத்தைத் தீர்மானிப்பவை முதன்மையாக இரண்டு: தாரையின் நீளம், தாரைக்கும் கவசத்துக்கும் உள்ள அடர்த்தி விகிதம். 1948இல் பிர்க்காஃப், மெக்டூகல், பியூ, டெய்லர் ஆகிய நால்வரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் திரவ இயக்கவியல் கணக்காகவே எழுதிக் காட்டியது.

இதிலிருந்து முக்கியமான ஒன்று விளங்கும். குண்டு எவ்வளவு வேகமாக வந்து மோதுகிறது என்பதற்கும் துளையின் ஆழத்துக்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லை. வேகத்தை வெடிமருந்தே தருகிறது. ஒருவர் தோளில் தூக்கிப் போகும் சிறு ஆயுதம்கூடக் கனத்த டாங்கியைத் துளைக்க முடிவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவர் இல்லை. சுரங்க வேலைக்காகக் குழிவான வெடிமருந்து பற்றி 1792லேயே ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஃபான் பாடர் பேசியிருக்கிறார். 1888இல் அமெரிக்கக் கடற்படையின் நியூபோர்ட் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் மன்ரோ, வெடிமருந்துக் கட்டியில் பொறித்திருந்த எழுத்துகள் எஃகுத் தகட்டில் அப்படியே பள்ளமாகப் பதிவதைக் கவனித்தார். உலோக உறையின் மகத்துவம் 1930களில்தான் தெளிவானது. சுவிட்சர்லாந்தின் ஹென்ரி மோஹாப்ட், ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் தோமானெக் இருவரையும் சொல்ல வேண்டும்.

போரில் அது பெயர் வாங்கியது 1940 மே 10ஆம் தேதி, பெல்ஜியத்தின் எபென் எமாயல் கோட்டையில். கிளைடர்களில் வந்திறங்கிய ஜெர்மன் வீரர்கள் கனமான குழிவு வெடிகளைக் கோட்டையின் எஃகுக் கவிகைகள்மேல் கையாலேயே வைத்து வெடிக்கச் செய்தார்கள். அங்கே பறப்பதும் இல்லை, சுழல்வதும் இல்லை. பிரச்சினை அதைப் பீரங்கிக்குள் திணித்தபோதுதான் தலைதூக்கியது.

சுழற்சி தாரையை ஏன் கெடுக்கிறது?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

வகுப்பில் ஒரு சுழல் நாற்காலி உண்டு. ஒரு மாணவரை உட்காரவைத்து, இரண்டு கைகளிலும் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்து, கைகளை அகல விரிக்கச் சொல்லி மெதுவாகச் சுற்றிவிடுவேன். பிறகு போத்தல்களை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். நாற்காலி சட்டென்று வேகமெடுக்கும். பிள்ளைகளின் முகத்தில் முதலில் சிரிப்பு, அடுத்த கணம் பயம். வெளியிலிருந்து திருக்கம் (சுழற்றும் விசை) எதுவும் தராமல் பொருளை அச்சுக்கு அருகே கொண்டுவந்தால் சுழற்சி கூடியே ஆகவேண்டும். கோண உந்தம் மாறுவதில்லை.

செப்புக் கூம்பு நசுங்கும்போது நடப்பதும் இதுதான், அளவுதான் பயங்கரமானது. குண்டோடு சேர்ந்து கூம்பும் சுழன்றுகொண்டிருக்கிறது. அச்சிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருந்த ஒரு துணுக்குச் செம்பு, தாரையாகும்போது அச்சிலிருந்து 2 மி.மீ. தூரத்துக்கு வருகிறது என்று வையுங்கள். ஆரம் 10 மடங்கு குறைந்தால் கோண வேகம் 100 மடங்கு கூடும். பக்கவாட்டு வேகம் 10 மடங்கு கூடும். நொடிக்கு 530 சுற்று என்ற நம் எண்ணைப் போட்டால், தொடக்கத்தில் நொடிக்குச் சுமார் 67 மீட்டராக இருந்த பக்கவாட்டு வேகம் 670 மீட்டர் ஆகிவிடுகிறது.

நொடிக்கு 8 கிலோமீட்டர் ஓடும் தாரைக்கு 670 மீட்டர் என்ன பெரிய கணக்கு என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. தாரை 40 செ.மீ. ஓட ஆகும் நேரம் 50 மைக்ரோ நொடி. அதற்குள், பிடித்து நிறுத்த எதுவும் இல்லாவிட்டால், அந்தத் துணுக்கு அச்சைவிட்டு 3 செ.மீ.க்கும் அதிகமாக விலகிவிடும். தாரையின் தடிமனோ சில மில்லிமீட்டர்தான். செம்பின் ஒட்டுறவு கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அதனால் உண்மை இவ்வளவு மோசமாக இருக்காது. இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனாலும் திசை சரி: இறுக்கமாக, நேராக, ஒரே கோட்டில் போகவேண்டிய தாரை அகன்று, சிதறி, சில வேளை இரண்டாகவே பிளந்துவிடுகிறது. மின்னல்வேக எக்ஸ்ரே படங்களில் இந்தச் சிதைவைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

தாரையின் முன்பகுதி தோண்டிய துளையின் அடியில் பின்பகுதி துல்லியமாகப் போய் விழுந்தால்தான் ஆழம் கூடும். சுழன்று சிதறிய செம்பு துளையின் சுவரில் போய் மோதுகிறது. துளை அகலமாகிறது, ஆழம் போய்விடுகிறது. டாங்கிக்குள் இருப்பவர்களுக்கு ஆபத்து ஆழத்தில்தான், அகலத்தில் இல்லை.

இழப்பு எவ்வளவு இருக்கும்?

முழுச் சுழற்சியோடு வரும் பெரிய குண்டில் துளைப்பு பாதியளவுக்குக்கூடக் குறையும். சுழற்சி வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது, விட்டத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கவேண்டும். காலாட்படையின் எம்-203 ஏவியிலிருந்து கிளம்பும் 40 மி.மீ. குழிவுக் குண்டு நொடிக்குச் சுமார் 76 மீட்டர் வேகத்தில், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று போகிறது. நொடிக்கு 60 சுற்றுக்குச் சற்று மேல். விட்டமும் சிறியது. பெருக்கிப் பார்த்தால் 105 மி.மீ. குண்டின் தொல்லையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் அந்தச் சிறு குண்டு தாராளமாகச் சுழன்றுகொண்டே போய் 5 செ.மீ. எஃகைத் துளைக்க முடிகிறது.

இரண்டாம் உலகப் போரில் இது தெரிந்திருந்ததா?

பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஜெர்மனியின் குட்டைக் குழல் 75 மி.மீ. டாங்கிப் பீரங்கிக்குத் தொடக்கத்தில் வந்த குழிவுக் குண்டுகள் அதிகம் போனால் சுமார் 70 மி.மீ. கவசத்தைத்தான் துளைத்தன. அடுத்தடுத்த வகைகளில் திருத்தித் திருத்தி 100 மி.மீ. வரை கொண்டுவந்தார்கள். அதே ஜெர்மனி, 37 மி.மீ. பீரங்கியின் வாயில் வெளியிலிருந்து செருகிச் சுடும் பெரிய தலைக் குண்டு ஒன்றைச் செய்தது. அதற்கு வாலில் இறக்கைகள் உண்டு, சுழற்சி கிடையாது. அது 180 மி.மீ. துளைத்தது. பிறகு வந்த, ஒருவரே ஏந்திச் சுடும் பான்சர்ஃபாஸ்டும் இறக்கை வைத்ததுதான், அது 200 மி.மீ. துளைத்தது. தலையின் விட்டமும் பெரிது என்பதால் வேறுபாடு முழுவதையும் சுழற்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அமெரிக்காவின் பசூகா, பிரிட்டனின் பியாட் என்று அந்தக் காலத்துக் காலாட்படை ஆயுதங்கள் பலவும் இறக்கையை நாடியது தற்செயல் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் குண்டுக்குள் பால் பேரிங் வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பொறியியல் வேலை அது.

ஏஎம்எக்ஸ்-30 டாங்கியின் 105 மி.மீ. பீரங்கியில் புரி உண்டு. இறக்கைக் குண்டைவிடச் சுழலும் குண்டு துல்லியமாகப் போகும் என்பது பிரெஞ்சுப் பொறியாளர்களின் எண்ணம். சுழற்சியை விடவும் மனமில்லை, தாரையை இழக்கவும் மனமில்லை. ஆகவே குண்டை இரண்டாகப் பிரித்தார்கள். வெளிக்கூடு ஒன்று, உள்ளே வெடிமருந்தும் கூம்பும் கொண்ட உட்கூடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே பால் பேரிங். பீரங்கியின் புரி வெளிக்கூட்டைப் பிடித்துச் சுழற்றும். உட்கூட்டுக்கு அதில் சிறு பங்குதான் போய்ச் சேரும். இலக்கை எட்டுவதற்குள் அது பெரிதாக வேகமெடுப்பதில்லை. வடிவமைத்த கெஸ்னர் (Gessner) பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு 'ஒபூ ஜி' என்று அழைத்தார்கள்; ஒபூ என்றால் பிரெஞ்சில் குண்டு. நொடிக்கு 1,000 மீட்டர் வேகம், 400 மி.மீ. கவசம்.

அந்தப் பேரிங் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். சில மீட்டர் நீளமுள்ள குழலுக்குள் பூஜ்யத்திலிருந்து 1,000 மீட்டர் வேகத்துக்கு வரவேண்டும். அந்த அதிர்ச்சியில் உட்கூட்டின் முழுச் சுமையும் பேரிங்மேல் இறங்கும். அது நசுங்கிச் சிக்கிக்கொண்டால் உட்கூடும் சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும், அவ்வளவு உழைப்பும் வீண். அதைத் தாங்கும்படி செய்து, ஆயிரக்கணக்கில் தயாரித்து, படையிடம் ஒப்படைத்தார்கள். விலையும் அதற்கேற்ப. இரட்டைச் சுவர் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் வெடிமருந்துக்கும் கூம்புக்கும் இடம் சுருங்கியது. 1980களில் நீண்ட உலோக அம்புக் குண்டுகள் வந்து அதன் வேலையை எடுத்துக்கொண்டன.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

எளிய வழியைப் பிடித்தன. எனக்கு ஒபூ ஜிமேல் ஆசை இருந்தாலும், பொறியாளனாகத் தேர்வு செய்யச் சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

குண்டின் இடுப்பு வளையத்தை உடலோடு இறுக்காமல் வழுக்கும்படி விட்டுவிடுவார்கள். புரி வளையத்தைச் சுழற்றும், வளையம் குண்டின்மேல் வழுக்கிக்கொண்டே சுற்றும், குண்டுக்குச் சிறிய சுழற்சிதான் கிடைக்கும். நேராகப் பறப்பதை வால் பகுதி பார்த்துக்கொள்ளும். மலேசியத் தரைப்படையும் வைத்திருக்கும் சுவீடனின் 84 மி.மீ. கார்ல் குஸ்தாஃப் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. அதன் குழலில் புரி உண்டு. சாதாரண வெடிகுண்டைச் சுட்டால் இறுகிய வளையத்தோடு முழுவேகத்தில் சுழன்று போகும். டாங்கி எதிர்ப்புக் குண்டைச் சுட்டால் வளையம் வழுக்கும். குழல் ஒன்றுதான், எவ்வளவு சுழல்வது என்பதை ஒவ்வொரு குண்டும் தானே முடிவு செய்துகொள்கிறது.

சுழற்சிக்கு ஏற்றபடி கூம்பையே மாற்ற முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். உறையில் வரிப்பள்ளங்கள் போட்டு, அது நசுங்கும்போதே எதிர்த்திசையில் ஒரு திருகல் பிறக்கும்படி செய்வது ஒரு வழி. குண்டின் சுழற்சியும் அந்தத் திருகலும் ஒன்றையொன்று கழித்துவிடும். அழகான யோசனை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்கு மட்டுமே பொருந்தும்.

தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி-7 ஏவியின் குண்டு பறக்கும்போது சுழல்வதைக் காணொளியில் பார்த்தேன். அப்படியானால்?

பார்த்தது சரிதான். அதன் இறக்கைகள் சற்றே சாய்வாக இருப்பதால் மெதுவாகச் சுழலும். ஆனால் இந்தச் சுழற்சியின் வேலை வேறு. இறக்கையிலோ ராக்கெட் உந்துதலிலோ சிறு கோணல் இருந்தால் குண்டு ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மெதுவாகச் சுழலும்போது அந்தக் கோணல் எல்லாத் திசைகளுக்கும் பங்கிடப்பட்டுக் கிட்டத்தட்டச் சமனாகிவிடும். அந்த வேகம் தாரையைக் கெடுக்கும் அளவுக்குப் போவதில்லை.

டாங்கிகள் புரியில்லாக் குழலுக்கு மாறியது இதனால்தானா?

ஒரு காரணம் மட்டும். பெரிய காரணம், இன்றைய நீண்ட அம்பு வடிவ உலோகக் குண்டுகள். விட்டத்தைவிட நீளம் மிக அதிகமானால் சுழற்சியால் ஒரு குண்டை நிலைப்படுத்தவே முடியாது, இறக்கைதான் வேண்டும். இரண்டு வகைக்குமே சுழற்சி வேண்டாம் என்றால் பிறகு புரி எதற்கு? சோவியத்தின் டி-62 1960களின் தொடக்கத்தில் 115 மி.மீ. வழுவழுப்புக் குழலோடு வந்தது. 1979இல் ஜெர்மனியின் லெப்பர்ட்-2, 120 மி.மீ. குழலோடு வந்தது. நம் படையின் பிடி-91எம் பெண்டேக்கர் டாங்கியின் 125 மி.மீ. குழலிலும் புரி இல்லை.

பிரிட்டன் மட்டும் நீண்ட காலம் புரியை விடவில்லை. அவர்களுக்குப் பிடித்த இன்னொரு வகைக் குண்டு கவசத்தின்மேல் பிசைந்த மாவாகப் படிந்து வெடித்து, உட்பக்கத்திலிருந்து எஃகுச் சில்லுகளைத் தெறிக்கவைக்கும். அந்த வெடிமருந்து பரவிப் படியச் சுழற்சி உதவியே செய்யும். அவர்களின் சேலஞ்சர்-2 டாங்கி வரை புரி இருந்தது. சேலஞ்சர்-3இல்தான் வழுவழுப்புக் குழலுக்கு வருகிறார்கள்.

1942இல் மலாயாவில் ஜப்பானிய டாங்கிகளை எந்தக் குண்டு நிறுத்தியது?

பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பது. 1942 ஜனவரி 7ஆம் தேதி ஸ்லிம் ரிவரில் நெடுந்தூரத்துக்கு எதுவும் நிறுத்தவில்லை; கடைசியில்தான் ஒரு பிரிட்டிஷ் பீரங்கி முன்னால் வந்த டாங்கியை அடித்து நிறுத்தியது. சுமார் முப்பது ஜப்பானிய டாங்கிகள் விடியும் முன்னே பெருஞ்சாலை வழியாகவே பாய்ந்து, 11ஆவது இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தன. இந்திய வீரர்களில் பலர் அதற்கு முன் டாங்கியையே பார்த்ததில்லை. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போகும்போது அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் போகிறோம்; எத்தனை பேருக்கு அது தெரியும் என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

அதே மாதம் 18ஆம் தேதி மூவார் அருகே பக்ரியில் ஆஸ்திரேலியர்களின் 2 பவுண்டர் பீரங்கிகள் ஒன்பது டாங்கிகளை அழித்தன. அந்தப் பீரங்கியின் கவசத் துளைப்புக் குண்டு திண்மமான எஃகு. அதற்குச் சுழற்சி நன்மையே செய்தது. கெடுவதற்கு அதில் தாரை இல்லை. ஜப்பானின் 95ஆம் வகை இலகு டாங்கியின் கவசம் மிகத் தடித்த இடத்திலேயே 12 மி.மீ.தான். அதற்குக் குழிவு வெடி தேவையே இல்லை.

போருக்கு வெளியே இந்த வெடிக்கு வேலை உண்டா?

நம் நாட்டிலேயே உண்டு. திரெங்கானு, சபா, சரவாக் கடலோர எண்ணெய்க் கிணறுகளில் துளையிட்டு முடித்தபின் எஃகுக் குழாயும் சிமெண்டும் கிணற்றை மூடியிருக்கும். எண்ணெய் உள்ளே வரவேண்டுமென்றால் குழாயையும் சிமெண்டையும் தாண்டிப் பாறைவரை வழி திறக்கவேண்டும். சிறு சிறு குழிவு வெடிகளை ஒரு நீண்ட குழாயில் வரிசையாக வெளிநோக்கிப் பொருத்திக் கிணற்றுக்குள் இறக்கி வெடிக்கச் செய்கிறார்கள். உரிமம் பெற்றவர்கள் மட்டும் செய்யும் வேலை. அங்கே எதுவும் பறப்பதில்லை, எதுவும் சுழல்வதில்லை. ஆகவே தாரைக்கு முழு ஆழமும் கிடைத்துவிடுகிறது. பொறியாளர்களின் கவலையெல்லாம் செப்புக் கட்டி அந்தத் துளையில் போய் அடைத்துக்கொள்ளக் கூடாதே என்பதுதான். அதற்காகத் திண்மத் தகட்டுக்குப் பதில் உலோகத் தூளை அழுத்திச் செய்த கூம்புகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை வெடித்தபின் கட்டியாகத் திரள்வதில்லை.